இதய டாக்டருக்குப் பதிலாக வந்த புழு மேடம்

எங்கள் வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்கு ஊர் வைத்த பெயர் புழு மேடம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாளி, தொட்டி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவார், அப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" என்பார். சொந்த நாத்தனாருக்கே நோட்டீஸ் கொடுத்தவர். நாத்தனார் ஆறு மாதம் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி மட்டும் மறுநாளே வந்துவிட்டது.

அவர் மகள் படிக்கும் பள்ளியில், மருத்துவத் துறை வேலைகளை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த இதய டாக்டர் ஒருவர் வருவதாக இருந்தது. காலையில் அவருக்கு அவசர ஆபரேஷன். தலைமை ஆசிரியை பதறிப்போய்ச் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்து, "யாரையாவது அனுப்புங்க சார்" என்றார். வந்து இறங்கியவர் புழு மேடம்.

மகள் வாசலிலேயே மறித்தாள். "அம்மா, எதை வேணா பேசு. புழுவைப் பத்தி மட்டும் பேசாதே. மானம் போயிடும்."

"வேற என்னடி எனக்குத் தெரியும்?"

ஆனாலும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். டாக்டருக்குப் பின்னால் ரத்தம் சோதிப்பவர், தடுப்பு மருந்தைக் குளிரில் காப்பவர், எந்தத் தெருவில் எத்தனை காய்ச்சல் என்று கணக்கெடுப்பவர் என்று எத்தனையோ பேர் உண்டு என்றார். பின்வரிசையில் கொட்டாவி.

"மேடம், ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். எனக்கும் வேலை இருக்கா?" என்றான் ஒருவன்.

"எனக்கும் வரும்ப்பா. நர்சிங் சேர்ந்த முதல் வாரமே விழுந்துட்டேன். கட்டு மாத்த வந்த நோயாளிதான் எழுந்து எனக்கு விசிறி விட்டார்."

சிரிப்பில் அரங்கம் விழித்துக்கொண்டது. அப்போதுதான் மேடம் கண்ணில் மேடை மேஜைமேல் இருந்த மணி பிளான்ட் ஜாடி பட்டது. கை தானாக டார்ச்சை எடுத்தது. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என் ரூம்ல இருந்து கொண்டுவந்தது. தண்ணியே மாத்த வேண்டாம்" என்றார் தலைமை ஆசிரியை பெருமையாக.

"தெரியுது மேடம். ஐநூறு பிள்ளைங்களோட சேர்த்து இதுங்களையும் வளர்க்கறீங்க."

பிள்ளைகள் மேடைக்கு ஓடிவந்தார்கள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்சு விடுவதைக் கண்டு வாய் பிளந்தார்கள். அப்புறம் பள்ளி முழுக்கத் தேடக் கிளம்பியவர்கள் யார் சொல்லியும் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் உடைந்த வாளி, பழைய டயர், ஆசிரியர் அறை ஃபிரிட்ஜின் பின்தட்டு எனப் புழு இருந்த ஏழு இடம் கிடைத்தது.

"விருந்தாளியா வந்துட்டு நோட்டீஸ் எழுதறீங்களே!" என்றார் தலைமை ஆசிரியை.

"டீ குடிச்சுக்கிட்டேதானே எழுதறேன், மேடம்."

இதற்குள் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி வருகைப் பதிவேட்டோடு வந்தாள். போன மாதம் காய்ச்சல் லீவு போட்டவர்கள் பதினான்கு பேர். அதில் பதினொரு பேர் அந்த ஃபிரிட்ஜை ஒட்டிய வகுப்பு.

தலைமை ஆசிரியை வாதத்தை அப்படியே நிறுத்தினார். ஜாடியைத் தானே எடுத்துப்போய்க் கொட்டினார்.

மேடம் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார். "இப்ப நீ செஞ்சியே, இதுக்குச் சம்பளம் தர்ற வேலையே இருக்கு, தெரியுமா?"

வீடு திரும்பும்போது மகள் உம்மென்று வந்தாள். மானம் போன கோபம் என்று மேடம் நினைத்துக்கொண்டார். தெரு திரும்பியதும் மகள் வெடித்தாள்.

"அவளை எதுக்கும்மா அவ்வளவு பாராட்டினே? கணக்குல என்னைவிட அவ ரெண்டு மார்க் கம்மி!"