மஞ்சளாக வரவேண்டிய வெள்ளி

இருசம்மாளுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று வாரம் வாயே திறக்காமல் சொன்னாள்.

வெள்ளிமலை என்ற மலையூர்க்காரி. கள்ளக்குறிச்சியில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் குடுவை கழுவும் வேலை, ஆறு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரப் பட்டியல் வரப்போகிற நேரம் பார்த்து, தண்ணீர் விடாமல் சுவிட்சைப் போட்டு, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் மெஷினைக் கருக்கிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வடித்த தண்ணீர் வைக்கும் காலிக் கேனில் போர் தண்ணீரை நிரப்பி வைத்தாள். எல்லாம் தண்ணீர்தானே!

அந்தக் கேனைத்தான் ஆய்வு மாணவி இலக்கியா எடுத்தாள். அவள் செய்வது சாயம் கலந்த கண்ணாடிப் பலகை. மேலே விழும் வெயிலை வாங்கி ஓரத்துக்கு அனுப்பும். ஓரத்தில் ஒட்டிய சோலார் பட்டை அதை மின்சாரமாக்கும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைச் சேர்த்தால் சாயம் இன்னும் ஒளிரும் என்பது அவள் நம்பிக்கை. அந்த வெள்ளிக் கரைசல் மஞ்சளாக வரவேண்டும். மூன்று முறையும் சாம்பலாகக் கலங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் வெங்கடேசன் வந்தார். "பன்னெண்டு மணிக்கு வருவேன். மஞ்சளா இல்லன்னா இந்த ஆராய்ச்சிய இத்தோட வுட்டுடு."

மூன்று வருட உழைப்பு. வெள்ளி மருந்தோ ஒரு தடவைக்குத்தான் மிச்சம்.

"உப்பு இருந்தாதான் இப்படித் திரியும். வடிச்ச தண்ணில ஏது உப்பு?" என்று இலக்கியா கண்ணைத் துடைத்தாள்.

இருசம்மாள் அந்தக் கேனைப் பார்த்தாள். மலையிலிருந்து இறங்கிய முதல் நாளே அந்தப் போர் தண்ணீரை உப்புக் கரிக்கிறது என்று காறித் துப்பியவள் அவள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் படிப்பு போகும்.

"அந்தக் கேன தொடாதீங்க, இலக்கியாம்மா! அது போர் தண்ணி. மெஷின நான் கருக்கிட்டேன்."

"இன்னாக்கா சொல்றீங்க? மூணு வாரமா பாத்துக்கினே இருந்தீங்களா?" இலக்கியா கத்தியது வராண்டா வரை கேட்டது.

மணி பத்தரை. இருசம்மாள் ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடி, பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை வாங்கி வந்தாள். இருவரும் குடுவைகளை அதிலேயே அலசினார்கள். இலக்கியா வெள்ளியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிடம். நிறமே இல்லை. பிறகு, மெல்ல, மஞ்சள். கலங்கவில்லை.

வெங்கடேசன் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். "சரி, மேல செய். முன்னாடி இன்னா தப்பு?"

"தண்ணி சார். நான்தான் சோதிக்காம எடுத்துட்டேன்," என்றாள் இலக்கியா.

இருசம்மாள் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மூன்று வாரம் மூடிப் பழகிய வாய்தானே.

"இல்லீங்க சார். மெஷின எரிச்சதும் நாந்தான், போர் தண்ணிய ஊத்துனதும் நாந்தான்."

அவர் குடுவையை வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அழுதது இலக்கியாதான்.

"அழுவாதீங்கம்மா," என்றாள் இருசம்மாள். "பலகைய வெயில்ல வெக்க நேரமாவுது."