மாமன் போட்ட வெள்ளியும் யாழினியின் எடையும்

காலை ஏழரை மணிக்கு நானும் ஒன்றரை வயது யாழினியும் கோச்சடையிலிருந்து கிளம்பினோம். திருமங்கலம் இருபது கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டரில் என் கணவரின் ஊர். நகரத்துக்கு, கோச்சடைக்குக் குடிவந்த பிறகும் யாழினியின் பதிவு ஊர் அங்கன்வாடியில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடை போட அங்கே போகிறோம். வளர்ச்சி அட்டையில் அவள் புள்ளி மஞ்சள் பட்டையில் நிற்கிறது. பச்சைக்கு ஏற வேண்டும், சிவப்புக்கு இறங்கிவிடக் கூடாது. ஒரு மாதமாகச் சத்துமாவுக் கஞ்சியில் நெய் விட்டேன், தினமும் முட்டை கொடுத்தேன். போதுமா என்றுதான் தெரியவில்லை.

பேருந்துக் கூட்டத்துக்குப் பயந்து அவளுடைய வெள்ளித் தண்டை, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். காதுகுத்துக்கு என் அண்ணன் போட்டவை. கழற்றியது சரிதானா? மாமியார் என்ன சொல்வாரோ?

பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார்: "எட்டு மாசம் இருக்குமா?"

"ஒன்றரை வயசுங்க."

"ஆத்தாடி, இம்புட்டூண்டு இருக்கா!"

கப்பலூர் தாண்டும்வரை நான் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

திருமங்கலத்தில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பத்து மணிக்கு அங்கன்வாடியில் இருந்தோம். முட்டை வெந்த வாசனை. தராசில் ஏழு கிலோ எண்ணூறு காட்டியது. போன மாதம் ஏழு தொள்ளாயிரம்.

"காய்ச்சல், வயித்துப்போக்கு ஏதும் வந்துச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். தினம் முட்டை குடுக்கிறேனே."

மகனை இடுப்பில் வைத்து வரிசையில் நின்ற முத்துலட்சுமி யாழினியின் காலைப் பார்த்தாள். "ஏக்கா, தண்டை எங்க?"

"பையில."

"அடியாத்தே! போன மாசம் உங்கண்ணன் சீரையும் சேத்துல்ல நிறுத்தீக!"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமா! அப்ப காதுகுத்தி மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு, மாமன் போட்டதக் கழட்டக் கூடாதுன்னு உங்க மாமியார் சண்டைக்கே வந்துட்டாங்க. இத மறந்துட்டேனே!"

வெள்ளியை மட்டும் தராசில் வைத்தோம். கால் கிலோ. அப்படியானால் போன மாதம் அவள் எடை ஏழு அறுநூற்றைம்பதுதான்.

"உங்கண்ணனுக்குத் தாராள மனசுதான்க்கா," என்றாள் முத்துலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. அவள் இளைக்கவில்லை, நூற்றைம்பது கிராம் கூடியிருக்கிறாள்.

டீச்சர் பழைய புள்ளியைத் திருத்தி, புதிய புள்ளியை வைத்தார். "இன்னும் மஞ்சள்தான். ஆனா கோடு மேல பாக்குது. இதே மாதிரி குடுத்துட்டு வாங்க."

ஊர் வீட்டில் மாமியார் யாழினியின் வெறுங்காலைப் பார்த்து முகம் சுளித்தார். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "அடுத்த மாசம் நானே கழட்டித் தாரேன். இப்பவும் பையிலயே கொண்டு போ," என்றார்.

மூன்று மணிப் பேருந்தில் திரும்பினோம். கோச்சடையில் அவள் ஒருவாய் சாப்பிடாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருத்திதான் பயப்படுவேன். ஊர் அங்கன்வாடியில் ஓர் அறை நிறையப் பேருக்கு அவள் எடை தெரியும். திருமங்கலம் தாண்டுவதற்குள் யாழினி தூங்கிப்போனாள். என் தொடை மரத்துப்போனது. வெள்ளி பையில் இருந்தது. மடியில் இருந்ததெல்லாம் அவள் எடைதான்.