தாழம்பூ அறுக்கிற கத்தி

யுத்த காலம். அடையாற்றுக் கரையில் தாழம்பூ அறுத்து மயிலாப்பூர் மாட வீதியில் விற்றுக்கொண்டிருந்தேன். வரலட்சுமி நோன்பு நெருங்கிய நேரம் பார்த்து என் வளைகத்தி கழுத்தோடு முறிந்தது. நோன்புக்குத்தான் எனக்கு வியாபாரம். கலசத்து அம்மனுக்கு வைக்க வீட்டுக்கு வீடு தாழம்பூ கேட்பார்கள். அன்றைக்குக் கூடையில் பூ இல்லை என்றால் ஐப்பசி மழையில் அடுப்பில் நெருப்பு இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நேராகக் கொல்லனிடமே போயிருக்கலாம்.

மிலிட்டரி லாரிக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர் அவர். உடைந்த லாரி வில்லின் இரும்புப் பட்டை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார், பீரங்கியைப் பிடித்துவந்தவர் மாதிரி. அவர் தம்பி, என் கொழுந்தன், ஒரு பழைய அரத்தோடு வந்தான். புதுக் கத்தி அடிக்க எது நல்ல இரும்பு என்று மேற்கு மாம்பலத்துக் கொல்லன் பட்டறையில் அண்ணனும் தம்பியும் காலை பூராவும் வாதாடினார்கள்.

"அரந்தாண்ணா கெட்டி. கண்ணாடியக் கூட கீறும்."

"கீறும். கல்லுல வுழுந்தா ரெண்டா பூடும். இது லாரியையே தாங்கின இரும்புடா."

"லாரியவா அறுக்கப் போறோம்?" என்றேன்.

"நீ சொம்மா இருமே. இரும்பு சமாசாரம் உனக்கு இன்னா தெரியும்?"

லாரிப் பட்டை ஜெயித்தது. அடுத்தது வடிவம். சோல்ஜர் இடுப்பில் ஒரு கத்தியைப் பார்த்தாராம் வீட்டுக்காரர். நேராக, ஈட்டி மாதிரி, இரண்டு பக்கமும் கூர். அதேதான் வேண்டும் என்றார். கொல்லன் தலையாட்டினான். பிடிக்கு அளவு எடுக்க அவருடைய உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான். கத்தி எனக்கு. அளவு அவர் கைக்கு. தாழம்புதர் பக்கமே வராத மனுஷன். வாசனை அடித்தாலே பாம்பு என்பார்.

"பாம்பு வந்தா குத்தலாம்மே," என்றார்.

"இத்தப் பாத்து பாம்பு பயந்துடுமா?"

"பாம்பு பயப்படாது அண்ணி," என்றான் கொழுந்தன். "நம்ம தெரு பயப்படும்."

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். தாழையில் இடது கையால் முள் மடலை ஒதுக்கி, வலது கையை உள்ளே விட வேண்டும். கத்தி காம்பைக் கொக்கி போட்டு இழுத்து அறுக்க வேண்டும். நேர்கத்தி காம்பைத் தள்ளிக்கொண்டே போயிற்று. முதுகுப் பக்கத்துக் கூர் பூவைக் கீறியது. கீறின மடல் பொழுது சாய்வதற்குள் கறுத்துவிடும். அதை அம்மனுக்கு யார் வைப்பார்கள்? அறுத்த பூ அத்தனையும் ஆற்றில் போயிற்று. பாம்பு ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. பட்டறைக்குப் போனேன்.

"இத்த வளச்சிக் குடு. உள்பக்கம் மட்டும் கூரு. முதுகு மழுங்கணும். தட்டித் தட்டி மெல்லிசாக்கு. பிடிய என் கைக்கு சீவு."

"ஐயே, அம்சமா வந்த கத்திம்மா. உன் ஊட்டுக்காரரு வந்து கத்துவாரே."

"கத்தட்டும்."

"ஒரு வார்த்தை அவரைக் கேட்டுக்கினு..."

"பூ அவரா அறுக்கிறாரு?"

முள் கிழித்த என் கையைப் பார்த்தான். துருத்தியை மிதித்தான். முடிகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண்பிள்ளை யாராவது வந்து யோசனை சொன்னால் மறுபடி நிமிர்த்திவிடுவான்.

நோன்புக்கு முன்தினம் கூடை நிறைய பூவோடு மாட வீதியில் உட்கார்ந்தேன். ஒரு மாமி மடல் மடலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"கீறல் இருந்தா அம்மனுக்கு ஆகாதுடி. இப்பவே சொல்லிட்டேன்."

"நல்லா பாத்துக்கோ மாமி."

வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் வாங்கினார்கள். உச்சி வெயிலுக்குள் கூடை காலி.

சாயங்காலம் அவர் கத்தியைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே இது, கிளி மூக்காட்டம் கீது? யார் வளைக்கச் சொன்னது?"

காலிக் கூடையை அவர் எதிரில் கவிழ்த்து வைத்தேன்.

"இரும்பு நல்ல இரும்புய்யா," என்றேன்.

அவருக்கு அது போதும். டீக்கடை வரைக்கும் போய் அதையே சொல்லிவிட்டு வந்தார்.