தண்ணீரை நம்பிய ஐந்து பேர்

ஆடு வளர்க்கிறவள் ஆட்டைக் கண்ணால் பார்க்கலாம், கோழி வளர்க்கிறவள் தலையை எண்ணலாம். மீன் வளர்க்கிறவள் மட்டும் தண்ணீரைப் பார்த்து நம்பிக்கொண்டிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர். ஒருநாள் நர்ஸம்மா எங்கள் அயல்கூட்டத்து, அதாவது மகளிர் குழுப் பெண்களின் கண் இமையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அத்தனை பேருக்கும் ரத்தம் குறைவு என்றார். மாத்திரை தந்தார், மீன் நிறையத் தின்னவும் சொன்னார். அன்றைக்கே எங்களில் ஐந்து பேருக்கு ஆவேசம் ஏறிவிட்டது. சும்மா கிடந்த பஞ்சாயத்துக் குளத்தைக் கேட்டோம். மெம்பர் ஒரே ஒரு அறுவடைக்குத் தந்தார். நல்ல மீன் பிடித்துக் காட்டினால் குளம் எங்களுக்கு. இல்லையென்றால் ஏலத்துக்குப் போய்விடும்.

முதல் வாழ்த்து

விழிஞ்ஞத்திலிருந்து தினமும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார் ரோசி அக்கா. கடலைத் தவிர மீனுக்கு வேறு வீடு உண்டென்று ஒப்புக்கொள்ளாத ஆள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. குதித்துக்கொண்டு போய், கட்லாவும் ரோகுவும் விடப்போகிறோம், முள்ளோடு மென்று தின்கிற பரல் மீன்கூட உண்டு என்று அளந்தேன். அவர் கையிலிருந்த சாளையைத் தட்டில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“குளத்து மீனா? அதுக்கு உப்பு ஆருடி போடுவா?”

பைக்குள் வந்தவர்கள்

காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் வந்தன. கூடவே மீன்வளத் துறையிலிருந்து பிந்து என்ற புரமோட்டர் பெண்ணும் வந்தாள். உடனே கொட்டக்கூடாதாம். பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, உள் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டுமாம். எங்களில் மூத்தவரான சாந்தா அக்கா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பையைக் கையிலேயே ஏந்திக்கொண்டார். மிதக்க விடுங்கள் என்றால் கேட்டால்தானே! கரை முழுக்க ஊர் திரண்டிருந்தது. பையைத் திறந்தோம். ஒரு மினுக்கம், அவ்வளவுதான், பிறகு வெறும் தண்ணீர். சாந்தா அக்காவின் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

“இதுவா மீனு? நம்ம தொட்டியில இதவிடப் பெரிய கொசுப்புழு உண்டு, கேட்டியா!”

விருந்துபசாரம்

பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து போட முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒருத்தி, அளந்த தீனி. கோடையில் மூட்டமான ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன! அடடா, மீனுக்கு எங்கள் காலடிச் சத்தம் தெரிகிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்களில் இளையவளான லில்லி வீடியோ எடுத்து, இதயப் படம் போட்டு பிந்துவுக்கு அனுப்பினாள். நான் வீட்டுக்கு ஓடி முந்தைய நாள் சோற்றை எடுத்துவந்து வாரி இறைத்தேன். அடுத்த நிமிடம் போன் அலறியது.

“சேச்சி, அது பசியில்ல, மூச்சு முட்டு! ஒண்ணும் போடாதீங்க, இறங்கி வெள்ளத்தை அடிங்க!”

நைட்டிப் படை

போட்டிருந்த நைட்டியோடு ஐந்து பேரும் குதித்தோம். தென்னை மட்டையால் தண்ணீரை அடித்தோம். வாளியில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றினோம். பக்கத்து வீட்டு மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் திருப்பினோம். மீன் போனால் குளமும் போச்சு என்று கத்திக்கொண்டே அடித்தேன். அடிக்கிற அடியிலேயே குட்டும் உடைந்தது. முறை ஒருத்திக்கு என்றாலும், மற்ற நாலு பேரும் யாருக்கும் தெரியாமல் தினமும் “கொஞ்சம்” போட்டிருக்கிறோம்! மிஞ்சிய தீனி அடியில் அழுகி, தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டது. ஒரு கூடை மீன் செத்தது. அதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன்.

பத்து மணிக்குப் பிறந்தது உயிர். திறந்திருந்த வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாங்கள் மட்டை அடிப்பதை நிறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மெம்பர் பைக்கை நிறுத்தினார்.

“அல்ல, இது மீன் வளர்ப்பாணோ, வாட்டர் தீம் பார்க்காணோ?”

வலை ஏறிய நாள்

இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவம் கொட்டுகிற நேரம். கடலில் பெரிய விசைப்படகுகளுக்குத் தடை. எங்கள் தெருவுக்கு ஐஸில் கிடந்த மீன்தான் வந்துகொண்டிருந்தது. வலையை இழுத்தோம் பாருங்கள், கை வழுக்கும் அளவுக்குக் கனம்! துள்ளிய கட்லா ஒன்று என் கன்னத்தில் அறைந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் அறை வாங்கியதில்லை. சேற்று வாடை போக இரண்டு நாள் சிமெண்ட் தொட்டியில் நல்ல தண்ணீரில் விட்டோம். மூன்றாம் நாள் காலையில் குடை பிடித்துக்கொண்டு வரிசை நின்றது. மெம்பரும் வரிசையில் நின்று, மீனைக் கையில் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார்.

“குளம் நிங்களுக்குத்தான். எனக்கு ரெண்டு கிலோ.”

நடுத்துண்டு

விற்பதற்கு முன்பே ஆளுக்கு ஒரு மீனும் ஒரு கை பரலும் எடுத்துக்கொள்வது, அதை வளர்த்தவளே முதலில் தின்பது என்று முடிவு செய்திருந்தோம். சொல்வது சுலபம். எங்கள் வீடுகளில் நடுத்துண்டு அவருக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, வாலும் சாறும் சமைத்தவளுக்கு. லில்லி வீட்டில் துண்டைத் தன் தட்டில் வைத்து, மூன்று தடவை சட்டிக்கே திருப்பிப் போட்டாளாம். கடைசியில் ஐந்து பேரும் என் அடுக்களையில் சேர்ந்து சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. சாந்தா அக்கா நடுத்துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். சட்டென்று முகம் சிவந்துவிட்டது.

“முப்பது வருஷமா கறி வைக்கேன். இது இம்புட்டு ருசின்னு ஒரு மனுஷன் எங்கிட்டச் சொன்னானாடி?”

இரண்டாம் தடவையும் குஞ்சு விட்டாகிவிட்டது. இந்த முறை அளவுச் சாப்பாடு மீன்களுக்கு மட்டும்தான்.