பெட்டி அறைக்கு ஒரு படம்

அனந்தராமன் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் வாசலில் நின்று அதை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்ப்பார். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படிப் பார்க்கமாட்டாள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, ஜன்னலுக்கு மேலே விரிசல் ஓடுகிறதா, மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறதா, எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். கடன் கேட்கிறவர்களின் வீட்டை அளந்து, இது இன்ன மதிப்புப் பெறும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். தல்லாகுளத்தில் வீடு, அதன் முன்னறையே ஆபீஸ். "அனந்தராமன் கண்ணால பாக்காததை எழுத மாட்டார்" என்று மதுரை வங்கிகளில் ஒரு பேச்சு உண்டு. அதை மெச்சிச் சொன்னவர்களும் இருக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு செல்போன் ஆட்டிவைத்தது என்றால் நம்புவீர்களா?

முன்பெல்லாம் டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அளப்பார், காப்பி குடிப்பார், வீட்டுக்கு வந்து அறிக்கையை டைப் அடிப்பார். வாசலில் நின்று ஒரு போட்டோ, அவ்வளவுதான். இப்போது வங்கி எல்லாவற்றையும் செல்போனுக்குள் கொண்டுபோய்விட்டது. வீட்டிலுள்ள ஒவ்வொரு அறையையும் அங்கேயே நின்று படம் எடுக்க வேண்டும். பழைய படத்தை ஏற்றினால் கண்டுபிடித்துவிடும். படம் எடுக்குமுன் மதிப்பீட்டாளர் தன் முகத்தைக் காட்ட வேண்டும். அந்த அறை எதற்குப் பயன்படுகிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பயிற்சி வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி ஸ்யாமளா பசுமலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "முதல்ல நம்மாத்துல பழகுங்கோ" என்று அவரைச் சமையலறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மூஞ்சியைக் காட்டச் சொல்றதுடி இது."

"காட்டுங்கோ. இத்தனை வருஷமா நான் பாக்கலையா? அது ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போகட்டும்."

அவர் முகத்தைக் காட்டினார், சமையலறையைப் படம் எடுத்தார், ஈரக்கசிவு என்ற இடத்தில் 'நடுத்தரம்' என்று தொட்டார். அவ்வளவுதான், ஸ்யாமளா பிடித்துக்கொண்டாள்.

"நடுத்தரமா! மழைக்கு முன்னாடி ஆளைக் கூப்பிடுங்கோன்னு தொண்டை வத்தக் கத்தினேனே, அப்போ ஈரமே இல்லைன்னேளே!"

அனந்தராமன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுவாரமே கொத்தனார் வந்தார் என்பது வேறு விஷயம்.

இப்படிப் பழகியும் முதல் மாதமே ஒரு கோப்பு திரும்பி வந்தது. பசுமலையில் ஒரு வீடு. கடைசி அறையில் பிரசவமான பெண் அப்போதுதான் குழந்தையைத் தூங்க வைத்திருந்தாள். கதவைத் திறந்தால் குழந்தை எழுந்துவிடுமே என்று அனந்தராமன் 'உள்ளே பார்க்க முடியவில்லை' என்பதைத் தொட்டுவிட்டு வந்தார். அந்தக் கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போய், ஏன் எதற்கு என்று கேள்விகளோடு சுற்றிச் சுற்றி, கடைசியில் கடனே இல்லை என்று வந்து நின்றது. அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று அனந்தராமனுக்கு இருந்தது.

இந்த மனக்குறையோடுதான் அவர் வாடிப்பட்டிப் பக்கம் விருமாண்டியின் வீட்டுக்குப் போனார்.

வீடு விருமாண்டியின் பெயரில் இருந்தது. மகன் அழகுபாண்டிக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. வீட்டைப் பார்த்துக்கொள்வது மருமகள் நாகஜோதி. பெரியவருக்குப் போன ஐப்பசி மழையில் கொல்லையில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, இப்போது நாலுகால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கக்கூஸோ மாட்டுக்கொட்டகையைத் தாண்டிக் கொல்லைக் கடைசியில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே அவர் அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்ட வேண்டும், அதற்குத்தான் கடன்.

"மத்தியானத்துக்கு மேல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேங்கிறாரு சார்" என்றாள் நாகஜோதி, பெரியவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. "குடிச்சா ராத்திரி போகணும், என்னைய எழுப்பணும். மருமகளப் போய் இதுக்கா எழுப்புறதுன்னு வெக்கம். நாக்கு வறண்டு கெடக்கு, கேட்டா தாகமில்லங்கிறாரு. பாக்க முடியல சார்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அனந்தராமனுக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. இந்த வீட்டு அறிக்கை திரும்பி வரக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டார்.

வெளிச்சுவரை அளந்தார். உள்ளே ஒவ்வோர் அறையாக அளந்துகொண்டே வந்தார். கூட்டிப் பார்த்தால் உள்கணக்கு வெளிக்கணக்கை விடக் குறைந்தது. ஹாலின் ஓரத்தில் ஒரு மஞ்சள் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு கதவு, கதவில் சந்தனமும் குங்குமமும்.

"இது என்ன ரூம்மா?"

நாகஜோதி மாமனாரைப் பார்த்தாள்.

"அது பெட்டி அறை சார்" என்றார் கட்டிலில் இருந்த விருமாண்டி. "எங்க வகையறா சாமியோட பெட்டி உள்ள இருக்கு. சிவராத்திரிக்கு மட்டும்தான் வெளிய வரும். நான் குளிச்சு முழுகிப் போய் வெளக்குப் போடுவேன். வேற யாரும் உள்ள போறதில்ல."

"நானும் உள்ள போக வேண்டாங்கய்யா. வாசல்ல நின்னு ஒரு படம் எடுத்தாப் போதும்."

"படமா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பேச்சே வேணாம். என் அப்பன் காலத்துல இருந்து சாமிய யாரும் படம் புடிச்சதில்ல. எனக்குக் கக்கூஸ் கட்டுறதுக்காகச் சாமிய படம் புடிக்கிறதா? கொல்லைக்கே போயிக்கிறேன் நான்."

"மாமா, மறுபடி விழுந்தா டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

பிறகு விருமாண்டியே இறங்கி வந்தார். "ஏன் சார், இந்தா நான் படுத்திருக்கிற ரூம ரெண்டு பக்கத்துல இருந்து எடுத்து, ஒன்ன அந்த ரூம்னு போட்டா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

செய்கிறவர்கள் செய்கிறார்கள்தான். அனந்தராமனுக்கும் தெரியும். ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அது மட்டும் என்னால ஆகாதுங்கய்யா. பாக்காததைப் பாத்ததா நான் போட்டதே இல்லை. பாக்கலைன்னு வேணா போடறேன். ஆனா அப்படிப் போட்டா லோன் வராது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"அப்பப் பாக்கலன்னே போடுங்க" என்று விருமாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உள்ளபடி சொன்னால், அவர் பிடிவாதக்காரர் இல்லை. பயந்தவர். சாமிக்கு ஒன்று ஆகிவிட்டால் பங்காளிகள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் அவருக்கு.

நாகஜோதி கட்டிலருகே போய் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நாம எதுக்கு வாதாடிக்கிட்டுக் கெடக்கணும்? பூக்கட்டிப் பாத்துருவோம். சாமி வேணாம்னு சொல்லுச்சுன்னா அத்தோட விட்டுருவோம். நான் பாத்ரூம் பேச்சே எடுக்க மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் இது உண்டு. ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளை மல்லிகை, இன்னொன்றில் செவ்வரளி. பார்த்தால் எது எதென்று தெரியாதபடி கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் மறுபேச்சுக் கிடையாது.

விருமாண்டி திரும்பினார். மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கட்டு" என்றார். "பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருச்சுக. வேத்தாளு எடுத்தாலும் சரிதான். சார் எடுக்கட்டும்."

பெரியவர் குளித்து வேட்டி மாற்றுவதற்குள் மிச்ச அறைகளை முடித்துவிடலாம் என்று அனந்தராமன் படம் எடுத்துக்கொண்டே போனார். சமையலறைக்கு வந்தார். முகத்தைக் காட்டினார், போனைத் திருப்பினார், அழுத்தினார். படம் திரையில் வந்து நின்றது. அடுப்பு, அலமாரி, ஜன்னல், மேடைமேல் குனிந்திருக்கும் நாகஜோதி. அவள் முன்னால் விரித்த இரண்டு வாழையிலைத் துண்டுகள். இரண்டிலும் மல்லிகை. கொல்லையில் பறித்த அரளி, ஓரமாக ஒரு சல்லடைக்கு அடியில் கவிழ்த்துக் கிடந்தது.

சத்தம் கேட்டு நிமிர்ந்த நாகஜோதி அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. இலைகளைக் கையால் மறைத்தாள்.

அனந்தராமன் போனைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார். இந்த மனிதர் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னதும் கிடையாதே! அதிலும் சாமி விஷயம். யார் வீட்டுச் சாமியானால் என்ன, சாமி சாமிதானே. போய்ப் பெரியவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கொல்லைக் கிணற்றடியிலிருந்து அந்த ஸ்டாண்டு தரையில் தட்டித் தட்டி வரும் சத்தம் கேட்டது. தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி தட்டு. அவ்வளவு மெதுவாக வந்தது அந்தச் சத்தம்.

அவர் அந்தப் படத்தை அழித்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. படத்துல ஆள் இருக்கக் கூடாது" என்றார். "சீக்கிரம் கட்டி முடி. ஐயா வந்துட்டார்."

நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழைநாரை எடுத்தாள்.

பெட்டி அறையின் கதவைத் திறந்து விருமாண்டி சூடம் ஏற்றினார். இரண்டு பொட்டலமும் ஒரு தட்டில் வாசற்படிமேல் இருந்தன. அவர் கண்ணை மூடி, உதடு துடிக்க, என்னென்னவோ சொல்லிக்கொண்டார். பிறகு, "எடுங்க சார்" என்றார்.

எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தும் அனந்தராமன் சட்டென்று எடுத்துவிடவில்லை. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். விருமாண்டி நாரை அவிழ்த்தார். மல்லிகை.

நாகஜோதி குலவையிட்டாள். விருமாண்டி பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சம்மதம் குடுத்துருச்சு. எடுத்துக்கங்க சார்" என்று ஒதுங்கி நின்றார். அனந்தராமன் வாசற்படிக்கு வெளியே நின்று முகத்தைக் காட்டிவிட்டு, அறையை ஒரே ஒரு படம் எடுத்தார். பெட்டி தெரிந்தது, விளக்குத் தெரிந்தது, நாலு சுவரும் தெரிந்தன. 'பூஜை அறை' என்பதைத் தொட்டு, 'நல்ல நிலை' என்று போட்டு அனுப்பினார். போன் ஒரு சிணுக்கம்கூடச் சிணுங்காமல் ஏற்றுக்கொண்டது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அவர் நிமிரும்போதுதான் விருமாண்டி தட்டிலிருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். மற்றதையும் பிரித்து எல்லோருக்கும் காட்டுவதுதான் வழக்கம். அனந்தராமனுக்கு அது தெரியாது. நாகஜோதிக்குத் தெரியும், அவசரத்தில் மறந்திருந்தாள். அவள் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் அனந்தராமனுக்கும் விளங்கிவிட்டது.

விருமாண்டி பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். எத்தனை வருஷமாகப் பூக்கட்டிப் போட்டவர்! நாரில் கையை வைத்தவர், அவிழ்க்கவில்லை.

"இந்தா தாயி" என்று மருமகளிடம் நீட்டினார். "நான் பிரிக்கல. நீ பிரிச்சுத் தலையில வச்சுக்க."

அரளியை எந்தப் பெண்ணும் தலையில் வைப்பதில்லை. நாகஜோதிக்கு அது உடனே உறைத்தது. அனந்தராமனுக்கு உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. அவள் பொட்டலத்தை வாங்கிய கையோடு, "மாமா, என்னைய மன்னிச்சிருங்க மாமா" என்று தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அனந்தராமன் விரிசல் பார்க்கிறவர் மாதிரி மேற்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

விருமாண்டி ஸ்டாண்டைப் பிடித்தபடி குனிய முடிந்த அளவு குனிந்து அவள் தலையில் கை வைத்தார்.

"அழுகாத தாயி. எந்திரி. எனக்காகச் சாமிகிட்டயே பொய் சொல்ல ஒரு ஆளு இருக்கு இந்த வீட்டுல. நான் பெத்தவன்கூடச் செஞ்சிருக்க மாட்டான். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய்ச் சாருக்குக் காப்பியப் போடு."