ஆடுகிற கொட்டாய்

"இந்தக் கூரை பத்து வருஷம் தாங்கும். அப்புறம் நீங்க மாத்திக்கணும். கெழக்குச் செவுத்துப் பூச்சு உப்புக் காத்துல அதுக்கும் முன்னாடியே உதுர ஆரம்பிச்சுடும்."

நெல்லித்தோப்பில் ஒரு காலி மனையின் நடுவில் நின்றுகொண்டு சிந்துஜா சொல்லிக்கொண்டே போகிறார். வீடு கட்ட வரைபடம் கேட்ட தணிகாசலம் தலையாட்டுகிறார். அவர் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நேரம் பாத்து வந்தா, இந்தம்மா வூடு எப்ப வுழும்னு சொல்லுது" என்று கணவரின் காதில் அவர் முணுமுணுப்பது சிந்துஜாவோடு வந்திருக்கும் எனக்கே கேட்கிறது. சிந்துஜா அதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடலின் உப்பு அந்தத் தெரு வரைக்கும் வருகிறதா என்று பார்க்க அவருக்கு அதுதான் வழி.

சிந்துஜா கட்டடங்களை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட். நாற்பதைத் தாண்டியவர். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். முதலியார்பேட்டையில் மருந்துக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். மழை வலுத்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். இவர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்து கட்டப்போகும் மனைக்குக் கிளம்பிவிடுவார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொடுவார். "தண்ணி போற எடத்துல நாம குந்திக்கினு, தண்ணி உள்ள வந்துடுச்சுன்னு அழுதா ஆச்சா?" என்பார். பேச வருகிறவர்களில் பாதிப் பேர் மறுபடி வருவதில்லை. அதற்காக அவர் பேச்சை மாற்றிக்கொள்வதுமில்லை.

அவரைக் கலங்க வைத்தது ஒரு சின்னக் கொட்டாய்.

ஊருக்கு வடக்கே, கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டிருக்கும் ஒரு குப்பம். மீன் விற்கிற பெண்கள் வெயிலில் உட்கார முடியவில்லை என்று கேட்டு வந்தார்கள். அவர்களில் பேசுகிறவர் பாக்கியலட்சுமி. சிந்துஜா சவுக்குக் கழிகளை போல்ட் போட்டு இணைத்து, கீற்று வேய்ந்து, ஒரு கொட்டாய் கட்டிக் கொடுத்தார். கடல் நெருங்கினால் கழற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி நிறுத்திக்கொள்ளலாம். அதுதான் அவர் யோசனை. செய்து முடித்த கட்டடங்களிலேயே அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

கோடையில் ஒருநாள் பார்க்கப் போனபோது, ஒவ்வொரு காலைச் சுற்றியும் சிமென்ட் கொட்டியிருந்தது. வழவழவென்று பூசி, மேலே கோலமும் போட்டிருந்தார்கள்.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்கீங்க? இதக் கழட்ட முடியாதேக்கா."

"ஆடுது மேடம். காத்தடிச்சா கெடந்து ஆடுது."

"ஆடுனாத்தான்க்கா ஒடையாது."

பாக்கியலட்சுமி கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். "எங்க வூட்டு வாசல்ல அலை வருது. படகு போனா வருமா வராதான்னு தெரியாது. எல்லாந்தான் ஆடுது. குந்தற எடமாவது ஆடாம இருக்கட்டும்னு ஊத்துனோம். அது தப்பா? நீ இங்க குந்தி மீன் வித்துப் பாரு, தெரியும்."

சிந்துஜா சிமென்ட்டை உடைக்கச் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி நான் கேட்டதற்கு, "அவங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆடற மாதிரி கட்டிட்டேன். ஏன் ஆடுது, எப்பிடிக் கழட்டறதுன்னு அவங்ககூட ஒக்காந்து ஒருநாள் பேசல. கட்டி முடிச்சி போட்டோ எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றார்.

ஐப்பசியில் கடல் வந்தது. காலையில் பாக்கியலட்சுமியின் போன். "மேடம், முன்னாடி காலு ரெண்டும் தண்ணியில நிக்குது. வரியா?"

நானும் கூடப் போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் பெண்கள் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். சிமென்ட்டின் மீது முதல் அடியைப் போட்டது பாக்கியலட்சுமிதான். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதற்கு நேரமும் இல்லை. சிந்துஜா எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும் என்று காட்ட, இரண்டாவது போல்ட்டிலிருந்து அவர்களே ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்கள். முன்வரிசைக் கால்கள் இரண்டும் வரவில்லை. எவ்வளவு உடைத்தும் அடிச் சிமென்ட் விடவில்லை. பெரிய அலை ஒன்று அவற்றை இழுத்துக்கொண்டு போனபோது சிந்துஜா திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த காலைப் பிடித்தார். இன்று ரோட்டோரம் நிற்கிற கொட்டாய் அதனால் ஒரு வரிசை குறைவு. பெண்கள் கொஞ்சம் நெருக்கி உட்கார்கிறார்கள். கால்களுக்கு இப்போது சிமென்ட் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.

அன்று கடைசியாகக் கொண்டுபோனது கூரையின் முகட்டுக் கழி. நீளமானது, நனைந்து கனத்திருந்தது. கூடை சுமக்கிற பெண்கள் பழைய துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து அதைத் தாங்கினார்கள். கடைசி ஆளாக நின்ற சிந்துஜா வெறும் தோளில் ஏற்றிக்கொண்டார். பத்தடி போவதற்குள் தோள் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

"நில்லுங்கடி" என்றார் முன்னால் போன பாக்கியலட்சுமி.

எல்லோரும் நின்றார்கள். அவர் ஒரு கையால் கழியைத் தாங்கியபடி, தன் தலையிலிருந்த சும்மாட்டை உருவினார். கழியை அடுத்தவளிடம் விட்டுப் பின்னால் வந்து, சிந்துஜாவின் தோளுக்கும் கழிக்கும் நடுவில் அதைச் செருகி, இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்தார். பிறகு முன்னால் போய், கழியை வெறுந்தலையில் வாங்கிக்கொண்டு நடந்தார்.