மூன்றே மூன்று செங்கல்

அம்மன் கோவில் பொங்காலைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே, சாலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய ரோட்டோரம் முழுக்க அம்மா செங்கல் அடுக்கி இடம் பிடித்துவிடுவாள். மூன்று கல் சேர்ந்தால் ஓர் அடுப்பு. நாகர்கோவில் அத்தைக்கு, சித்திக்கு, அப்பா ஆபீஸ் மலையாளச் சேச்சிகளுக்கு என்று கல்லில் சாக்பீஸால் பெயர் எழுதுவது என் வேலை. ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் பொங்கலிடும் அந்த நாளில் அம்மா ஆறு அடுப்புக்கும் ஓடுவாள். ஒருத்திக்கு ஓலை திணிப்பாள், இன்னொருத்திக்கு வெல்லம் தட்டுவாள். எங்கள் பானை மட்டும் வருஷா வருஷம் அடிப்பிடிக்கும். பிரசாதம் என்றாலே கருகல் வாசனைதான் என்று நான் நம்பியிருந்தேன்.

மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், பொங்காலைக்கு அடுத்த வாரம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். அம்மா மூன்றே கல் வைத்தாள். அத்தை போனில் கத்தியது கூடம் வரை கேட்டது.

"ஏட்டி, அப்போ எனக்கு?"

"இந்தத் தடவ முடியாது மைனி. நீங்களே கல்லு போடுங்க, கேட்டியளா?"

முடியாது! அம்மாவிடம் அப்படி ஒரு சொல் இருந்ததே எனக்குத் தெரியாது.

அத்தை விடுவாளா? ரயிலில் செங்கல் சுமந்து வந்து, இரண்டு அடுப்பு தள்ளி உட்கார்ந்தாள். கோவிலில் மூட்டிய நெருப்பு அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கு வந்தது. அத்தையின் ஓலை புகைந்ததே தவிர நின்று எரியவில்லை.

"ஏட்டி, தீ அணையுதுட்டீ! ஒரு எட்டு வா!"

அம்மா திரும்பவில்லை. நான் தோளை உலுக்கினேன். "அம்மா, அத்தை கூப்பிடுறா."

"கேட்டுச்சு மக்களே."

கேட்டும் போகவில்லை! வாய் பிளந்து நின்றேன். உச்சி வெயில், கண் எரியும் புகை, ஒலிபெருக்கியில் செண்டை, தெரு கொள்ளாத கூட்டம். அதற்கு நடுவே அம்மாவுக்கு அந்தப் பானையைத் தவிர வேறெதுவும் இல்லை. நுரை ஏறி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, வெள்ளையாய் வழிந்தது. சுற்றிலும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பிய குரவைச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னோர் அதிசயம், அம்மா போகாமலே அத்தையின் பானையும் பொங்கியது.

சாயங்காலம் அத்தை என்னிடம் தண்ணீர் கேட்டாள். "கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். நறுக்கென்று குட்டு விழுந்தது, அம்மாவிடமிருந்துதான்.

கூப்பிட்டால் போகாமல் இருப்பதுதான் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆபரேஷன் முடிந்து அப்பா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் அன்று அந்தப் பானையிலிருந்து கண்ணை எடுத்தால் அவரை இழந்துவிடுவோம் என்று அம்மா எத்தனை பயந்திருந்தாள் என்பது, தலையைத் தடவிக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போன எனக்குத் தெரியவில்லை.